புகையரிசி

மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் நாலு மணிக்கு வருவது அந்தக் கோடையில் மக்ஸ் மீனவர் வட்டாரம் முழுக்கப் பழகிப்போன சங்கதி. இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே காபிக்கடைக்காரன் நாற்காலிகளைத் தெருவில் இழுத்துப் போட்டுவிடுவான். அடுக்குமாடிக்காரர்கள் லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறுவார்கள். நாலு மணிக்கு மின்விசிறிகள் சுற்றத் தொடங்கியதும் தெருவே ஒரே தொண்டையில் ஹோவென்று கத்தும். அந்தப் புதன்கிழமையும் நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு கத்துவதற்கு வாயைத் திறந்தது. அதற்குள் பள்ளிவாசல் முனை ட்ரான்ஸ்ஃபார்மர் படாரென்று வெடித்து, கரும்புகையும் எண்ணெய் நாற்றமும் கால்வாய்வரைக்கும் பரவிவிட்டன.

இக்ராம் அப்போது கிடங்குக்குள் வெப்பமானிக்கு முன்னால் நின்றிருந்தாள். சத்தம் கேட்டதும் அவள் தெருவுக்கு ஓடவில்லை. குளிரூட்டி ஒரு முக்கல் முக்கிவிட்டு அடங்கியதைத்தான் பார்த்தாள். இரண்டு மணிக்கு இருபத்து நாலு. மூன்று மணிக்கு இருபத்தாறு. இப்போது இருபத்தேழு. முப்பதைத் தாண்டினால் போச்சு.

அது ஒரு காலத்தில் அவளுடைய அப்பாவின் மீன் கிடங்கு. ஒரு முழம் தடிமனுள்ள சுவர், தகரம் வேய்ந்த கதவு, ஐஸ் உருகிய தண்ணீர் ஓட தரையில் ஒரு வாய்க்கால், பக்கச் சுவர்களை ஒட்டி ஆள் உயரத்துக்கு இரும்புத் தட்டு. அப்பா போனபின் படகு தம்பி ஃபர்கலிக்கு, கிடங்கும் மேல்வீடும் இக்ராமுக்கு என்று பிரிந்தது. நாலு வருஷத்துக்கு முன் அவள் கிடங்கைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டாள். அவள் புருஷன் பஸ்யூனிக்கு அதே கிடங்கில் காப்பாளர் வேலை கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஏழு தரம் கழுவினார்கள். ஆனாலும் ஈரக்காற்று அடிக்கிற நாளில் பழைய மத்தி வாசனை எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும்.

இப்போது உள்ளே நானூறு மூட்டை இருந்தது. கம்பெனி அந்தச் சரக்குக்கு வைத்த பெயர் நாலு வார்த்தை நீளம். மக்ஸில் யாரும் அதை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. ஆலைப் புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயுவிலிருந்து செய்கிற பிளாஸ்டிக் மணி, பார்க்கப் புழுங்கலரிசி மாதிரி இருக்கும். ஆகவே புகையரிசி என்று ஊர் பெயர் வைத்துவிட்டது.

அதைச் செய்கிற பொறியாளர் ஷஹீரா ஒருநாள் இக்ராம் வீட்டில் மீன்சோறு சாப்பிட்டுக்கொண்டே விளக்கியிருந்தாள். இக்ராமை அவள் மகள் பெயரைச் சேர்த்து உம்மு பஸ்மா, பஸ்மாவின் அம்மா, என்றுதான் கூப்பிடுவாள். "அந்த வாயு இருக்கே உம்மு பஸ்மா, மகா சோம்பேறி மாப்பிள்ளை. எதோடையும் சேராது. நல்ல கல்யாணத் தரகி ஒருத்தி வேணும். ஒரு பொடி கண்டுபிடிச்சிருக்கோம், அதான் தரகி. அவ நடுவுல நின்னா ரெண்டும் கையக் கோத்துக்கும். முன்னெல்லாம் இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக் பண்றதுக்கு விஷ வாயு வேணும். ஒரு குழாய் ஒழுகினா தெருவே காலி. இப்ப அது வேணாம். வானத்துக்குப் போற புகையில ஒரு பங்கு மூட்டைக்குள்ள வந்துடுது." சொல்லும்போது அவளுக்குச் சோறு மறந்துபோனது. சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அவள் அதைப் பற்றிப் பேசுவாள்.

பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. சூடு தாங்காது. முப்பதைத் தாண்டி, மேலே பாரமும் இருந்தால் மணிகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். கெய்ரோவிலிருந்த கம்பெனிப் பெரிய ஆட்களுக்கு இது ஒன்றே போதும். இது குளிர்நாட்டுச் சரக்கு, இங்கே ஆகாது, இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிடலாம் என்று இரண்டு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கெடு வைத்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற இந்த முதல் சரக்கு தேறினால் ஆலை இருக்கும், தேறாவிட்டால் இழுத்துப் பூட்டு. வாங்குகிறவர்களின் ஆள் நாளைக் காலை எட்டு மணிக்குக் கிடங்குக்கு வந்து மூட்டையைப் பிரித்துப் பார்ப்பான்.

ஆலை போனால் பஸ்யூனியின் வேலையும் போகும். படகில் இருந்த காலத்தில் வலையிழுக்கும் கப்பி அறுந்து அவன் முதுகில் விழுந்தது. அதற்குப்பின் அவனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாது. கடலும் இல்லை, கூலியும் இல்லை. நாற்பத்தாறு வயசில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

பஸ்யூனி முகமெல்லாம் வேர்வையாக உள்ளே வந்தான்.

"எவ்வளவு?"

"இருபத்தேழரை."

"கரண்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். அங்க ஒரு கூட்டமே நிக்குது. வேற ட்ரான்ஸ்ஃபார்மர் வரணுமாம். நாளைக்கு ஆகும்ங்கறான், இன்ஷா அல்லாஹ்ங்கறான். அவன் இன்ஷா அல்லாஹ் சொன்ன தினுசுல சொல்றேன், சனிக்கிழமைகூட வராது."

"எஞ்சினியரம்மா?"

"ஜெனரேட்டரை வண்டில ஏத்திட்டாங்களாம். பாலத்துல லாரி ஒண்ணு கவுந்து கிடக்கு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியலன்னு அழாத குறையாப் பேசறாங்க. மஃக்ரிப் தொழுகைக்குள்ள வந்தாப் பெரிசு."

"மஃக்ரிபுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"தெரியும் இக்ராம். எனக்கு மணி பாக்கத் தெரியும்."

இருவரும் வெப்பமானியைப் பார்த்தார்கள். அது இவர்களைச் சட்டை செய்யாமல் இருபத்தெட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐஸ் போடலாம்," என்றாள் இக்ராம்.

"ஐஸ் ஃபேக்டரியில போய்ப் பாத்தாச்சு. ரெண்டு நாளா அங்கயும் இல்ல. ஹோட்டல்காரங்க வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஃபர்கலிகிட்ட இருக்கு. நேத்துதான் நாப்பது பாளம் இறக்கினான். இன்னிக்கு ராத்திரி மத்திக்குப் போறான்."

நாலு வருஷமாக மச்சானும் மச்சானும் ஒருவர் நிழல் மேல் ஒருவர் மிதிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். கிடங்கைக் கம்பெனிக்கு விட்ட அன்று ஃபர்கலி காபிக்கடையில் எல்லார் முன்னாலும், "அக்காவைக் கட்டினவன் அப்பா சொத்தையும் சேத்துக் கட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டான். பஸ்யூனி அதற்கு ஒரு பதில் சொன்னான். அந்தப் பதிலை இக்ராமிடம் இன்றுவரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை.

"அவன் தரமாட்டான்," என்றான் பஸ்யூனி.

"உங்களுக்குத் தரமாட்டான்."

கால்வாயில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. ஃபர்கலி படகின் மேல்தட்டில் வலையைப் பரப்பிவைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். கூட இரண்டு ஆட்கள் தர்பூசணியை அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவன் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"வா அக்கா. ட்ரான்ஸ்ஃபார்மர் செத்ததுக்குத் துக்கம் விசாரிக்க வந்தியா?"

"ஐஸ் வேணும் ஃபர்கலி."

"எவ்வளவு? ஒரு சர்பத்துக்கா?"

"நாப்பதும்."

ஆட்கள் தின்பதை நிறுத்திவிட்டார்கள். ஃபர்கலி சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"ஏன், புகையரிசிக்கு வேர்க்குதா? பாவம். நான் ராத்திரி கடலுக்குப் போறதில்லையா? ஐஸ் இல்லாம புடிச்ச மத்திய எதுல போட்டுக் கொண்டார, என் தொப்பியிலயா?"

"நாளைக்குப் போ. நாளானிக்குப் போ. மத்தி கடல்லதான் இருக்கும். அந்த மூட்டை இன்னிக்கு ராத்திரி தாங்காது. அவருக்கு இந்த வேலை போச்சுன்னா வேற வேலை கிடையாதுடா. அவர் முதுகு உன் படகுலதான் போச்சு. உன் கப்பிதான் அறுந்துது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குப் பகீரென்றது. ஒன்பது வருஷத்தில் அவள் அந்தக் கப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஃபர்கலியின் முகம் கறுத்தது. அவன் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

"கை வண்டியக் கொண்டாங்கடா," என்றான் ஆட்களிடம். பிறகு அவளைப் பார்க்காமல், "உன் புருஷன் என்கிட்டப் பேசக் கூடாது. சலாம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னான்னா பாளத்தை அப்படியே வண்டியோட திருப்பிருவேன்."

"சொல்லமாட்டார்."

பஸ்யூனி சலாம் சொல்லவில்லை. வாசலில் ஓரமாக ஒதுங்கி நின்று கதவை மட்டும் பிடித்துக்கொண்டான். சாக்குப் போர்த்திய பாளங்கள் மூன்று நடையில் வந்து சேர்ந்தன. வெப்பமானி இருபத்தொன்பதில் இருந்தது. ஃபர்கலி உள்ளே நுழைந்ததும் கீழே வைக்கப்போன ஆளை அதட்டினான். "தரையில வைக்காதடா கழுத. மேல் தட்டுல வை. குளிர் தானா இறங்கும். தண்ணி வாய்க்கால்ல போகட்டும், மூட்டைக்கு அடியில பலகை இருக்கான்னு பாரு." நாலு வருஷம் கழித்து உள்ளே வந்தவன், நேற்றுப் பூட்டிவிட்டுப் போனவன் மாதிரி இருட்டில் தடம் தெரிந்து நடந்தான்.

பாதிப் பாளங்களை ஏற்றியபிறகு அவன் நிமிர்ந்து, பின்சுவரை ஒட்டிக் கோட்டை மாதிரி நின்ற மூட்டைகளைப் பார்த்தான். ஒன்பது வரிசை உயரம், இண்டு இடுக்கு இல்லாமல் நெருக்கி, மூலைக்கு மூலை மூட்டையைக் குறுக்கே மாற்றிவைத்துப் பூட்டுப் போட்டு, மேலே கனத்த சாக்கு விரிப்பு.

"இதை அடுக்கினது யாரு?" என்றான்.

இக்ராம், "கூலியாளுங்க," என்றாள்.

"கூலியாளுக்கு இந்த மூலைப் பூட்டு தெரியாது. இது மீன்பெட்டி அடுக்கு. நீ நின்னு அடுக்க வச்சிருக்க."

ஆமாம். ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தபோது பஸ்யூனி ஆலையில் எடைமேடையில் இருந்தான். நாலு மணி நேரம் வெயிலில் நின்ற லாரி அது. மூட்டைகளைத் தொட்டால் சுட்டது. இறக்கிப் போட்டுவிட்டு ஓட கூலியாட்கள் அவசரப்பட்டார்கள். இக்ராம் பதினாறு வயசிலிருந்து இந்தக் கிடங்கில் மீன்பெட்டி அடுக்கியவள். இடைவெளி விட்டால் குளிர் ஓடிவிடும், நெருக்கி அடுக்கிப் போர்த்திவிட்டால் பெட்டிக்குப் பெட்டி குளிரைக் காப்பாற்றிக்கொள்ளும். அவளுக்குத் தெரிந்த பாடம் அது. சுவரில் ஷஹீரா ஒட்டிவைத்த தாளில் வேறு மாதிரி இருந்தது. வந்ததும் இரண்டிரண்டாக, நடுவில் ஒரு சாண் விட்டு, ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும், பிறகும் ஐந்துக்குமேல் அடுக்கக் கூடாது. இக்ராம் அதைப் படித்தாள். படித்துவிட்டு, ஐஸையே கண்ணால் பார்க்காதவர்கள் எழுதியது என்று நினைத்துக்கொண்டாள்.

"பிரிங்க," என்றாள் இப்போது.

ஆட்கள் மேல்வரிசையை இறக்கினார்கள். சுவரோரம் இருந்த மூட்டையை இக்ராம் அழுத்திப் பார்த்தாள். உள்ளே மணிகள் சரசரவென்று நழுவின. அதற்கடுத்ததும் அப்படியே. உயிர் வந்தது. ஆனால் ஐந்தாவது வரிசையின் நடுமூட்டையில் கை வைத்தபோது கருங்கல்லில் கை வைத்தது போலிருந்தது. ஈட்டி மாதிரி நீளமாக இருந்த கம்பி வெப்பமானியை அடுத்த மூட்டையில் குத்தினாள். முப்பத்தாறு காட்டியது. சுவரில் இருபத்தொன்பது. அடுக்கின் வயிற்றில் முப்பத்தாறு.

வெளிச்சூடு உள்ளே புகுந்திருந்தால் ஓரத்து மூட்டைதான் முதலில் கெட வேண்டும். ஓரமெல்லாம் அரிசியாக உதிர்கிறது. நடுவில் மட்டும் கல். இது இன்றைய சூடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்த சூடு. குளிரூட்டி மூன்று நாள் ஓடியும் அது வெளியேற வழியில்லாமல் அவள் கட்டிய கோட்டைக்குள் உட்கார்ந்து, மேல்பாரத்தில் அழுந்தி, மணிகளைச் சேர்த்து வேகவைத்துவிட்டது. மீன்பெட்டி குளிரைக் காத்த மாதிரியே இது சூட்டைக் காத்திருக்கிறது. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பிரித்து இரண்டிரண்டாகத் தரை முழுக்கப் பரப்பி முடித்தபோது கல்லாய்ப் போனவை அறுபத்து மூன்று. மற்றவை தப்பித்துவிட்டன. ஐஸ் உருகி வாய்க்காலில் ஓடுகிற சத்தம் கேட்டது. வெப்பமானி இருபத்தேழுக்கு இறங்கியிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

பஸ்யூனி ஒரு கல்மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். "கரண்ட் போச்சு, சூடேறிச்சு, கெட்டுப்போச்சு. அவ்வளவுதான் கதை," என்றான்.

"அது நிஜம் இல்ல."

"நிஜம் யாருக்கு வேணும்? ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சதை ஊரே பாத்துச்சு. ஆண்டவன் அனுப்பின விபத்துக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்கமாட்டாங்க. கிடங்குக்காரன் தாளைப் படிக்காம பொண்டாட்டிய விட்டு மீன்பெட்டி அடுக்கினான்னு சொன்னா, நாளைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க."

"கரண்ட்டுன்னு சொன்னா ஆலையையே மூடுவாங்க. ஒரு மத்தியானச் சூடு தாங்காத சரக்குன்னு கெய்ரோக்காரங்க குதிப்பாங்களே. அப்பவும் வேலை போகும்."

"மூடினா எல்லாருக்கும் போகும். எல்லாருக்கும் போனா நஷ்டஈடு தருவாங்க. எனக்கு மட்டும் போனா என்னத்தைத் தருவாங்க?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆச்சரியம் வாசல் பக்கமிருந்து வந்தது. ஃபர்கலி நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல்தடவையாக மச்சான் சொன்னதை ஆமோதித்தான்.

"அவர் சொல்றது சரிக்கா. கரண்ட் மேல போடு. கம்பெனி கடைய மூடிக்கிட்டுப் போகட்டும். கிடங்கு நம்மகிட்ட வரும். நான் மீன் வைக்கறேன், உனக்குப் பாதி பங்கு. இவரும் உக்காந்து கணக்குப் பாக்கட்டுமே, நான் வேணாம்னா சொல்றேன்?"

"மச்சான், உன் கணக்கப்பிள்ளையா இருக்கறதுக்குப் பதிலா நான் பாலத்தடியில பிச்சை எடுப்பேன்," என்றான் பஸ்யூனி.

"பாத்தியா அக்கா, பேசிட்டான். ஐஸைத் திருப்பட்டுமா?"

"உருகின தண்ணிய வேணா எடுத்துட்டுப் போ."

வேறு நாளாயிருந்தால் இக்ராம் சிரித்திருப்பாள். ஒருத்தனுக்கு ஆலை மூடினாலும் பரவாயில்லை, இன்னொருத்தனுக்கு மூட வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பொய். அதைச் சொல்லவேண்டிய வாய் மட்டும் அவளுடையது. கிடங்குச் சாவி ஞாயிற்றுக்கிழமை அவளிடம்தான் இருந்தது என்று ஷஹீராவுக்குத் தெரியும். முதலில் அவளைத்தான் கேட்பாள்.

மஃக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஷஹீரா வந்தாள். ஜெனரேட்டர் ஏற்றிய வண்டியிலிருந்து குதித்து, தலைத்துணி சரிந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளே ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றாள். சில்லென்ற காற்று அவள் முகத்தில் அடித்தது. மேல் தட்டுகளில் வரிசையாக ஐஸ் பாளம், கீழே வாய்க்காலில் தண்ணீர், பலகைமேல் இரண்டிரண்டாக மூட்டை. வெப்பமானி இருபத்தாறு.

"உம்மு பஸ்மா," என்றாள். இக்ராமின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "வழியெல்லாம் எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். ஐஸ் வைக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

"அதெல்லாம் இருக்கட்டும். இதைப் பாருங்க," என்று பஸ்யூனி கல்மூட்டைகளைக் காட்டினான்.

ஷஹீரா ஒன்றைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். மூன்றாவதைக் கத்தியால் கிழித்தாள். உள்ளே மணிகள் ஒட்டி, தேன்கூடு மாதிரி ஒரே கட்டியாக இருந்தன. அவள் விரலால் ஒரு மணியைப் பெயர்க்கப் பார்த்தாள். வரவில்லை.

"எத்தனை?"

"அறுபத்து மூணு."

"எப்ப கரண்ட் போச்சு?"

"ரெண்டு மணிக்கு," என்றான் பஸ்யூனி.

"எவ்வளவு ஏறிச்சு?" என்றாள் ஷஹீரா.

"இருபத்தொன்பது வரைக்கும். அதுக்குள்ள ஐஸ் வந்துடுச்சு."

"இருபத்தொன்பதுலயேவா?" ஷஹீராவின் குரல் இறங்கிப்போனது. "முப்பதுன்னு எழுதி வச்சாலும் முப்பத்திரண்டு வரைக்கும் தாங்கும்னு நான் சோதிச்சுப் பாத்தேனே. மூணு தரம் பாத்தேன். அப்ப என் சோதனையே தப்பா?" ஒரு மீன்தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவங்க சொன்னதுதான் சரி. ஒரு மத்தியானத்துக்கே இப்படின்னா இது நம்ம ஊருக்கு ஆகாது. ஆறு வருஷம் உம்மு பஸ்மா. ஆறு வருஷமா நான் இல்லாததை இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்." அவள் அழவில்லை. போனை எடுத்துக் கெய்ரோ எண்ணைத் தேடினாள்.

பஸ்யூனி இக்ராமையே பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். அவனை அப்படி அவள் ஆஸ்பத்திரியில் கூடப் பார்த்ததில்லை. வாசலில் ஃபர்கலி, "ஆமாம்மா, கரண்ட்தான். நாங்கல்லாம் பாத்தோமே," என்றான் அவசரமாக.

"கரண்ட் இல்ல எஞ்சினியரம்மா," என்றாள் இக்ராம். "நான்."

ஷஹீரா நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூட்டை சுடச்சுட வந்துச்சு. நீங்க எழுதி ஒட்டினதைப் படிச்சேன். படிச்சும் ஆறவிடல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி, மீன்பெட்டி மாதிரி, ஒம்பது உசரத்துக்கு நெருக்கி அடுக்கி மூடிட்டேன். சூடு உள்ளேயே உக்காந்துடுச்சு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு நடுமூட்டையில குத்திப் பாத்தேன், முப்பத்தாறு. உங்க சரக்குல குத்தம் இல்ல."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றியா?"

"வாங்க." இக்ராம் ஒரு மூட்டையைத் திருப்பினாள். அதன் ஒரு பக்கம் முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "இதெல்லாம் சுவரை ஒட்டி இருந்தது. வெளிச்சூடு முதல்ல இதுக்குத்தான் வரணும். அழுத்திப் பாருங்க." மணிகள் சரசரத்தன. "இப்ப அந்தக் கல்லுல ஒண்ணுலயாவது சுண்ணாம்பு இருக்கான்னு பாருங்க."

ஷஹீரா போய் அறுபத்து மூன்றையும் புரட்டிப் பார்த்தாள். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒன்றிலும் சுண்ணாம்பு இல்லை. கடைசி மூட்டையை மட்டும் அவள் மறுபடி ஒருதரம் தடவிப் பார்த்தாள். திரும்பியபோது முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது.

"இது தேறும்," என்றாள். "கட்டியை ஒதுக்கிட்டு முன்னூத்தி முப்பத்தேழைக் காட்டலாம். ஏன் கெட்டுச்சுன்னு காரணத்தோட எழுதினா கெய்ரோக்காரங்களால வாயைத் திறக்க முடியாது." பிறகு சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது. "ஆனா காரணத்தோட பேரும் எழுதணும்."

"என் பேரை எழுதுங்க."

"உன் பேர் கம்பெனில எங்கயும் இல்லையே உம்மு பஸ்மா. நீ அங்க யாரும் இல்ல. கிடங்குன்னா பஸ்யூனி."

வெளியே ஜெனரேட்டரை இறக்குகிறவர்கள் ஏலேலோ போட்டுக்கொண்டிருந்தார்கள். இக்ராம் தன் தலையைத்தான் நீட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நீட்டியது அவன் தலையை.

பஸ்யூனி மூட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். முதுகு நிமிர அவனுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும்.

"எழுதுங்க," என்றான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் வந்து பாத்தேன். ஒம்பது வரிசை, கோடு போட்ட மாதிரி நின்னுது. அழகா இருக்கேன்னு நெனச்சேன். பிரிக்கச் சொல்லத் தோணல. தாள் எனக்கு எழுதினது, அவளுக்கு இல்ல."

"வேலையைக் காப்பாத்தறது என் கையில இல்ல பஸ்யூனி. நான் பேசிப் பாக்கறேன். ஆனா..."

"தெரியும். ஒரு ஆளைக் காட்டணும் அவங்களுக்கு."

ஷஹீரா எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். மெதுவாக, பேரை முழுசாக.

"கம்பெனியும் போகல, கிடங்கும் வரல, என் நாப்பது பாளமும் வாய்க்கால்ல போகுது," என்றான் ஃபர்கலி. "கொஞ்சம் நஞ்சம் இருந்தது மச்சான் வேலை. அதையும் நீயே உன் வாயால முடிச்சுட்டியே அக்கா. நல்லா இருக்கு உன் நியாயம்." கதவை அறைந்து சாத்தப்போனவன், குளிர் வெளியே போகுமே என்று நினைத்தோ என்னவோ, மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

ஜெனரேட்டர் உறுமியது. குளிரூட்டி உயிர் பெற்றது. காலை எட்டு மணிக்குள் முன்னூற்று முப்பத்தேழு மூட்டையையும் ஐந்தைந்தாக, நடுவில் சாண் விட்டு அடுக்க வேண்டும். ஷஹீரா போனோடு வெளியே போனாள். ஃபர்கலியின் ஆட்கள் இரண்டு பேரும் போகவில்லை. சொல்லாமலே மூட்டையைத் தூக்க ஆரம்பித்தார்கள். பஸ்யூனி குனியாமல் முழங்காலில் உட்கார்ந்து, முதல் இரண்டு மூட்டைக்கு நடுவில் கையை விரித்து வைத்துச் சாண் பார்த்தான். நாளையிலிருந்து இந்த வேலை அவனுடையது இல்லை. இக்ராம் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் அவன். அவளைப் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க."

அவன் அடுத்த இடைவெளியில் கையை வைத்தான். அளந்தான். பிறகு, "ஆமா," என்றான். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

இக்ராமுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"அழுதது போதும். அந்த மூட்டையை நாலு விரல் அங்கிட்டுத் தள்ளு."

அவள் தள்ளினாள்.